நாலு கம்பி ஜன்னல்

கட்சிக்கு ஜன்னல் சின்னம் ஒதுக்கப்பட்ட தேர்தலில், பெயின்டர் தன் வீட்டுப் பின்சுவரில் வரைந்த ஜன்னல் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் திறந்துகொண்டது. உள்ளே, ஒன்பது வருஷத்துக்கு முன் வேலைக்கென்று போய்த் திரும்பாத அவளுடைய அக்கா சட்டை தேய்த்துக்கொண்டிருந்தாள். அதே வாரம் சந்தையில் வெங்காயம் விலை இறங்கியது. ஊரில் இரண்டைப் பற்றியும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் பேசினார்கள். கட்சியின் சின்னங்கள் இப்படி நடந்துகொள்வது முதல் தடவை அல்ல.

கட்சியை ஆரம்பித்தவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குப் பாலம் கட்டித் தருகிறோம் என்று மூன்று அரசுகள் சொல்லின. அரசுகள் போனதுதான் மிச்சம். ஜனங்கள் படகிலேயே போய் வந்துகொண்டிருந்தார்கள். நம் பக்கத்துக்கென்று ஒரு கட்சி இல்லாமல் கதை நடக்காது என்று கண்டக்டர் முதல் பென்ஷன் வாங்கிய மாதமே முடிவுகட்டினார். மேடையில் பேசும்போது அவருடைய இடது கை தானாக மேலே போய், இல்லாத கம்பி ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். வாசலில் ஆட்கள் அடைத்துக்கொண்டு நின்றால் கொள்கையைப் பாதியில் விட்டுவிட்டு, "உள்ள போங்க, உள்ள போங்க, பின்னாடி காலியாத்தான கெடக்கு" என்பார். போவார்கள். முப்பது வருஷம் அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்ட ஊர் அது.

கட்சி பதிவாகிவிட்டது. ஆனால் அங்கீகாரம் வரவில்லை. இந்த வித்தியாசம் ஊருக்குப் புரிய ரொம்ப நாள் ஆயிற்று. கடைசியில் கண்டக்டரே தன் பாணியில் விளக்கினார்: பதிவு என்பது பஸ்ஸில் ஏறுவது, அங்கீகாரம் என்பது உட்கார இடம் கிடைப்பது. நின்றுகொண்டும் பிரயாணம் போகலாம், ஆனால் எந்த நிறுத்தத்திலும் யாரும் "கொஞ்சம் தள்ளு" என்று சொல்லலாம். உட்கார்ந்த கட்சிகளுக்குச் சொந்தச் சின்னம் உண்டு. நிற்கிற கட்சிகளுக்கு, ஒவ்வொரு தேர்தலிலும் மீந்துபோன சின்னங்களிலிருந்து ஒன்றைக் கொடுத்து, ஓட்டு எண்ணி முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். இடம் பிடிக்க நூற்றுக்கு ஆறு ஓட்டும், கூடவே இரண்டு எம்.எல்.ஏ.வும் வேண்டும். அதிலே ஒன்று குறைந்தாலும் நின்றுகொண்டேதான் போக வேண்டும்.

முதல் தேர்தலில் குடை கொடுத்தார்கள். குடை வரைந்த சுவர்களின் அடியில் மழை விழவில்லை. பெண்கள் அங்கே கொடி கட்டித் துணி காயப்போட்டார்கள், கிழவர்கள் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்கள். முடிவு அறிவித்த சாயங்காலம் கட்சி தோற்றது, மழை நேராக விழுந்தது, ஊர்த்துணி முழுக்க நனைந்தது. இரண்டாவது தேர்தலில் ஏணி. சுவரில் வரைந்த ஏணியில் கால் வைத்தால் மேலே போக முடிந்தது. மாடிப்படி இல்லாத வீடுகளில் எல்லாரும் மொட்டைமாடிக்குப் போய்க் காற்று வாங்கினார்கள். திருடர்களும் போனார்கள். அந்தத் தடவை கட்சி வாங்கிய ஓட்டு முன்னைவிடக் குறைவு, அதற்குக் காரணம் கொள்கை என்று யாரும் சொல்லவில்லை.

மூன்றாவது தேர்தலுக்குள் ஊரில் சுவர் எழுதும் வேலை முழுவதும் பெயின்டர் கைக்கு வந்திருந்தது. அவள் அந்தக் குடும்பத்தில் காலேஜுக்குப் போன முதல் ஆள். அம்மா ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைப்பவள். அப்பா என்று ஒருவர் இருந்தார், இல்லாமலும் போனார். அதைப் பற்றி வீட்டில் பேச்சில்லை. படிப்புக்கான செலவைக் கட்டியது அக்கா. தங்கைக்குப் பேனா பிடிக்கிற விரல், எனக்கு அந்த விரல் இல்லை என்று சொல்லிவிட்டு, வெளிநாட்டுச் சலவைக்கூடத்துக்கு ஆள் எடுத்த ஏஜென்டோடு போனாள். முதல் மூன்று வருஷம் ஏஜென்ட் வழியாகப் பணமும் சேதியும் வந்தன. பட்டம் வாங்கிய மாதத்திலிருந்து இரண்டும் நின்றன. ஏஜென்ட் அலுவலகம் இருந்த இடத்தில் செருப்புக் கடை வந்தது. போலீஸில் புகார் எழுதி வாங்கிக்கொண்டார்கள், எழுதுவதோடு அவர்கள் வேலை முடிந்தது. பட்டத்தை எடுத்துக்கொண்டு தங்கை ஏறிய எல்லா அலுவலகத்திலும் யாருக்காவது யாரையாவது தெரிந்திருக்க வேண்டியிருந்தது. அவளுக்கு யாரையும் தெரியாது. கையெழுத்து மட்டும் நன்றாக இருந்தது. ஊரார் "பட்டதாரி பெயின்டர்" என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். "ஆமா, எழுத்துப் பிழை இல்லாம பொய் எழுதித் தருவேன், வேணுமா" என்பாள். எந்தக் கட்சிக்காரன் வந்தாலும் எழுதினாள், எவனையும் நம்பவில்லை.

ஜன்னலுக்கென்று தேர்தல் அலுவலகம் ஒரு மாதிரிப் படம் அனுப்பியிருந்தது: இரண்டு கதவும் விரியத் திறந்த ஜன்னல், நடுவே நெட்டுக்குத்தாக நாலு கம்பி. வரைந்த சுவரையெல்லாம் ஓர் அதிகாரி வந்து படத்தோடு ஒப்பிட்டு, "சரி" என்று தலையாட்ட வேண்டும். தவறாக இருந்தால் வெள்ளையடித்துவிடுவார்கள். அவரை ஊரில் சுவர் அதிகாரி என்றார்கள். பெயின்டர் எடுப்பாக இருக்கட்டும் என்று கம்பியைக் கட்டைவிரல் கனத்துக்குப் போட்டாள். அது அவளுடைய தொழில் கர்வம். அந்தக் கர்வத்துக்கு அவள் பின்னால் எத்தனையோ வருஷம் தன்னையே திட்டிக்கொள்ள வேண்டிவந்தது. தன் வீட்டுப் பின்சுவர் சந்தைக்குப் போகிற சந்துப் பக்கம் இருந்ததால் அதிலும் ஒன்று வரைந்தாள். அதிகாரி வந்தார், தலையாட்டினார், போட்டோ எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார். அவர் முனை திரும்பியதும் சுவருக்குள்ளிருந்து நீராவி வாசம் வந்தது.

ஊர் முழுக்க அன்றைக்கு ஜன்னல்கள் திறந்தன. டீக்கடைச் சுவரில் பனி விழும் ஒரு ரயில் நிலையம் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ஆட்கள் இரண்டாவது டீ குடித்ததில் கடைக்காரர் கட்சியில் சேர்ந்தார். டெய்லர் சுவரில் ஒரு மாட்டுக்கொட்டகை. மாடு ஒரு தடவைகூட முகத்தைத் திருப்பவில்லை. கண்டக்டர் வீட்டுச் சுவரில் அவர் வேலை பார்த்த அதே பஸ், கண்டக்டர் இல்லாமல், எந்த நிறுத்தத்திலும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. தலைவர் ஆன மனிதர், வாயில் விசிலை வைத்துக்கொண்டு, சுவர் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் பார்க்காததுபோலக் கடந்து போனார்கள்.

பின்சுவரின் உள்பக்கம் சமையலறை. அங்கே நின்று பார்த்தால் வெறும் சுவர், கரி படிந்த சுவர், அவ்வளவுதான். சந்தில் நின்று பார்த்தால் மட்டும் அக்கா தெரிந்தாள். நீளமான அறை, குழல் விளக்கு, கம்பியில் வரிசையாகத் தொங்கும் சட்டைகள், தூரத்துக் கோடியில் அவளுடைய மேசை. இளைத்திருந்தாள். முன்னெற்றியில் நரை விழுந்திருந்தது. அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. அம்மா ஆஸ்பத்திரி யூனிபாரத்தோடு சந்தில் நின்று அன்று மதியம் முழுக்கப் பார்த்தாள். சாயங்காலம்தான் வாயைத் திறந்தாள்.

"காலர இன்னமும் கடைசியிலதான் தேய்க்கிறா. மொதல்ல காலர், அப்பறம் கைன்னு எத்தன தடவ சொல்லிருக்கேன்."

கூப்பிட்டால் குரல் போகவில்லை. அந்தப் பக்கத்துச் சூடு வந்தது, சோப்பு வாசம் வந்தது, சத்தம் மட்டும் இரண்டு பக்கமும் கம்பியோடு நின்றுவிட்டது. பெயின்டர் கம்பிகளுக்கு இடையே கையை விட்டாள். முழங்கைக்கு மேல் போகவில்லை. பக்கத்துச் சுவரில் கம்பியே இல்லாமல் ஒரு ஜன்னல் வரைந்தாள். அதிகாரி படத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், "இது சின்னம் இல்லம்மா" என்று வெள்ளையடிக்கச் சொன்னார். அவர் தலையாட்டாத ஜன்னல் திறக்கவும் இல்லை. பிறகு தன் சட்டைப் பொத்தான் ஒன்றைப் பிய்த்து உள்ளே எறிந்தாள். அது தரையில் உருண்டு மேசைக்காலில் முட்டி நின்றது. அக்கா குனிந்து எடுத்து, தேய்த்துக்கொண்டிருந்த சட்டையில் பொத்தான் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. கூரையைப் பார்த்தாள். மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டாள். அடுத்தடுத்த நாட்களில் இன்னும் சில பொத்தான்கள் போயின. வீட்டில் பொத்தான் இருந்த சட்டை ஒன்றுகூட மிஞ்சவில்லை.

வாக்கு எண்ணிய அன்று கட்சிக்கு ஓர் எம்.எல்.ஏ. கிடைத்தார், ஓட்டு ஆறைத் தொடவில்லை, கொஞ்சம்தான் குறைவு. டீக்கடை ரேடியோவில் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அக்கா கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். மெல்லத் திரும்பினாள். நேராக ஜன்னல் இருந்த திசையில் பார்த்தாள். அவள் கண் எதன் மீதோ நின்றதுபோல் இருந்தது. அந்த நிமிஷம் ஜன்னல் பெயின்ட் ஆகிவிட்டது. பெயின்டர் சுவரில் கையை வைத்தபடி நின்றாள். சுவர் இன்னும் சூடாக இருந்தது.

அதற்கப்புறம் ஐந்து வருஷம். தேர்தல் முடிந்ததும் நகராட்சி எல்லாச் சுவரையும் வெள்ளையடித்தது. சின்னம் பொதுப் பட்டியலுக்குத் திரும்பிப் போய், எங்கேயோ ஓர் இடைத்தேர்தலில் நின்ற சுயேச்சைக்குக் கொடுக்கப்பட்டு, அவர் டெபாசிட் இழந்தார் என்று பேப்பரில் வந்தது. பெயின்டர் கடைப்பெயர்ப் பலகை எழுதினாள், லாரிக்குப் பின்னால் பழமொழி எழுதினாள், கல்யாண மண்டபத்துக்கு எண் போட்டாள். இரண்டு பேர் பெண் கேட்டு வந்தார்கள். பின்சுவரை இடித்து வீட்டைப் பெரிதாக்கலாம் என்று சொன்னவனை அம்மாவே அனுப்பிவைத்தாள். இன்னொருவனுக்கு அவள் படிப்பு அதிகம், வேலை கேவலம். அக்கா பார்த்தாளா, பார்க்கவில்லையா என்ற ஒரே கேள்வியோடு அம்மாவும் மகளும் ஒரே பாயில் படுத்தார்கள், எழுந்தார்கள். பார்த்திருப்பாள் என்பாள் அம்மா, இல்லை என்பாள் பெயின்டர். மறுநாள் கட்சி மாறிக்கொள்வார்கள்.

அடுத்த தேர்தல் நெருங்கியபோது தலைநகரத்துப் பெரிய கட்சி ஆள் அனுப்பியது. அவர்கள் சின்னம் பீரோ. பீரோ வரைந்த சுவர்களில் எல்லாத் தேர்தலிலும் பீரோ இருந்தது. பூட்டியிருந்தது. சாவி தலைநகரத்தில் இருந்தது. கண்டக்டர் கட்சிக்கு இரண்டு தொகுதி தருகிறோம், ஜெயிப்பது எங்கள் பொறுப்பு, ஆனால் எங்கள் சின்னத்தில்தான் நிற்க வேண்டும் என்றார்கள். கட்சியின் வக்கீல் நல்ல மனுஷன், உண்மையைச் சொன்னார்: ஜெயிக்கலாம், சட்டசபைக்குப் போகலாம், ஆனால் விழுகிற ஓட்டு மொத்தமும் பீரோ கணக்கில் போகும், கட்சிக்கு ஆறும் வராது, அங்கீகாரமும் வராது, ஜன்னலை மறந்துவிட வேண்டியதுதான். கண்டக்டர் சம்மதித்துவிட்டார் என்ற செய்தி படகுத்துறைக்கு வந்த அரைமணி நேரத்தில் பெயின்டர் அவர் வீட்டு வாசலில் நின்றாள். கையில் பிரஷ் இருந்தது, கழுவக்கூட இல்லை.

கண்டக்டர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். வயதாகிவிட்டிருந்தது.

"தெரியும், நீ எதுக்கு வந்திருக்கன்னு. உக்காரு" என்றார்.

"நான் உக்காரல. பீரோ வரையச் சொல்லி ஆள் வந்துது. நீங்க சொல்லி அனுப்பிச்சீங்களான்னு கேட்டுட்டுப் போக வந்தேன்."

"மூணு தடவ தோத்தாச்சும்மா. எனக்கு மூட்டு போயிருச்சு. ஒரு தடவயாவது சட்டசபைக்குள்ள போயி ஒக்காரணும்னு ஆச இருக்காதா?"

"அடுத்தவன் சீட்டுல ஒக்காந்தா, அவன் வந்து எழுப்புவான். நீங்க சொன்னதுதான்."

"எலி வளையானாலும் தனி வளை வேணும்னு பேசறது சுலபம். எலிக்கு வயசாகுதே."

பெயின்டர் குரலை ஏற்றாமல் சொன்னாள். "அண்ணே, இந்தச் சுவத்துல ஜன்னல் போட்டது நான்தான். விசில வாயில வெச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தீங்க. ஊதி ஊதிப் பாத்தீங்க, வண்டி நிக்கல. நான் பாத்தேன். யார்கிட்டயும் சொல்லல. எங்க அக்கா திரும்பறப்ப மூடிருச்சு. அவ என்னப் பாத்தாளா இல்லயான்னு தெரியாம அஞ்சு வருஷம் ஓட்டிட்டேன். இன்னொரு அஞ்சு வருஷம் என்னால ஆகாது. உங்களால ஆகுமா?"

கண்டக்டரின் கை மேலே போய் இல்லாத கம்பியைப் பிடித்துக்கொண்டது. அவருடைய மனைவி உள்ளேயிருந்து, இவள் போன பிறகாவது அந்தச் சுவரைப் பார்த்து அழாமல் இருங்கள் என்று சொல்வது கேட்டது. மறுநாள் காலை பீரோக்காரர்கள் படகேறித் திரும்பிப் போனார்கள். ஜன்னல் சின்னத்தை வேறு யாரும் கேட்டிருக்கவில்லை. அது மறுபடியும் கட்சிக்கே வந்தது.

இந்தத் தடவை பிரசாரம் என்று ஒன்று தேவைப்படவில்லை. போன தடவை பார்த்தவர்கள் வீடு வீடாக வந்து, எங்கள் சுவரில் போடு, எங்கள் சுவரில் போடு என்று பெயின்டரைப் பிடித்து இழுத்தார்கள். ஆற்றோரம் நாலு தொகுதியிலும் அவள் வரைந்தாள். டெய்லர் வீட்டுக்கு வரும்போது கறுப்புப் பெயின்ட் தீர்ந்துபோய், டப்பாவின் அடியைச் சுரண்டி, கம்பிகளைச் சன்னமாக இழுத்து முடித்தாள். மொட்டை வெயிலில் வந்த அதிகாரி கண்ணைச் சுருக்கிப் பார்த்துத் தலையாட்டிவிட்டார். கொட்டகை திறந்தது, மாடு அதே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. டெய்லரின் பூனை சன்னக் கம்பிகளுக்கு நடுவே நுழைந்து உள்ளே போய், மாட்டின் முகத்தைப் பார்த்துவிட்டு, வைக்கோல் ஒட்டிய உடம்போடு திரும்பி வந்தது. டெய்லருக்குப் பூனை மேல் பொறாமையாக இருந்தது. பெயின்டர் அதை மனதில் குறித்துக்கொண்டாள்.

அவள் வீட்டுப் பின்சுவரில் இருந்தவை பழைய அளவுக் கம்பிகள்தான். அதை முதலிலேயே வரைந்துவிட்டிருந்தாள். அதிகாரி போனார், நீராவி வாசம் வந்தது, ஜன்னல் திறந்தது. அறையின் தூரத்துக் கோடியில் இருந்த மேசை அங்கே இல்லை. ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது. அதன் மேல் பொத்தான்கள் வரிசையாக அடுக்கியிருந்தன. அக்கா அதற்கு முன் ஸ்டூல் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எத்தனை நாளாக அப்படி உட்கார்ந்திருந்தாள் என்று யாருக்குத் தெரியும். எழுந்து வந்து கம்பிக்கு இடையே கையை நீட்டி, தங்கையின் கன்னத்தில் வைத்தாள். கை சூடாக இருந்தது, உள்ளங்கை காய்த்திருந்தது. அம்மாவைக் கூட்டிவர ஆள் ஓடியது. ஆஸ்பத்திரியிலிருந்து துடைப்பத்தோடு வந்தவள், துடைப்பத்தைக் கீழே போட மறந்து அதைப் பிடித்தபடியே மகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கட்சி ஆறுக்கு மேலேயே வாங்கியது, மூன்று பேர் ஜெயித்தார்கள். எண்ணி முடித்த சாயங்காலம் ஊரே சுவர்களுக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஜன்னல்கள் மூடவில்லை. பிறகு தேர்தல் அலுவலகத்திலிருந்து அறிவிப்பு வந்தது: கட்சி அங்கீகரிக்கப்பட்டது, திறந்த ஜன்னல், நாலு கம்பியுடன், இனி அதற்கு மட்டுமே. கண்டக்டர் சட்டசபைக்குள் போய், ஒதுக்கிய இருக்கையில் உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் உடனே எழுந்து நின்றுவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள்.

காகிதத்தில் எழுதிக் கேட்டார்கள், நீ எங்கே இருக்கிறாய் என்று. அக்காவுக்கே தெரியவில்லை. அடைத்த வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள், பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள், அதற்குப் பிறகு வெளியே போனதில்லை, கதவைத் திறக்கிறவன் பேசும் பாஷை என்ன பாஷை என்றும் தெரியாது என்று எழுதித் தந்தாள். அதை எடுத்துக்கொண்டு பெயின்டர் கண்டக்டரைப் பார்க்கப் போனாள். அவர் இப்போது கூட்டணி அரசில் துணை மந்திரி. பீரோக்காரர்களோடுதான் கூட்டணி, ஆற்றைக் கடக்கும் வரைதான் அண்ணனும் தம்பியும் என்று யாரும் சும்மா சொல்லவில்லை. பாலத்துக்கு அடிக்கல் நாட்டியிருந்தார். கல் நன்றாக இருந்தது. அக்காவின் காகிதத்தை வாங்கி, கண்டிப்பாக நடவடிக்கை எடுக்கிறேன் என்றார். அவர் கட்சிக் கொள்கையைப் பேசும் அதே குரல்.

"அதெல்லாம் வேண்டாம்ண்ணே. ஒண்ணே ஒண்ணு செய்ங்க. சின்னத்தோட மாதிரிப் படத்த மாத்தித் தரச் சொல்லி எழுதிக் கொடுங்க. கம்பி இல்லாத ஜன்னல். கேட்டா தருவாங்கன்னு வக்கீல் சொல்றார்."

அவர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் ஜன்னலைப் பார்த்தார். அந்த அறையில் இருந்தது நிஜ ஜன்னல், வெளியே கார்கள் நின்றன.

"கம்பி இருந்தாத்தாம்மா ஜன்னல். இல்லாட்டி சுவத்துல ஓட்ட. ஓட்டைக்கு யாரு ஓட்டுப் போடுவா" என்று கண்டக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் குரல் இறங்கியது. "நெசத்தச் சொல்லவா. கம்பிய எடுத்துட்டா அங்க இருக்கறவங்க இங்க வந்துருவாங்க, இல்ல இங்க இருக்கறவங்க அங்க போயிருவாங்க. எது நடந்தாலும் அடுத்த தடவ நம்ம ஜன்னல் யாருக்கு வேணும்? இப்ப ஒவ்வொருத்தனும் ஜன்னல் மூடிரக் கூடாதுன்னே ஓட்டுப் போடறான். எனக்கும் அந்த பஸ்ஸுல ஏறணும்னுதான் இருக்கு. நான் ஏறல பாத்தியா."

"நீங்க ஏறாதது உங்க இஷ்டம்" என்றாள். "எங்க அக்கா எறங்கணும்."

அவள் படியிறங்கும்போது வக்கீல் பின்னாலேயே வந்து மன்னிப்புக் கேட்டார். அவளிடம் மன்னிப்பு என்ற சரக்குக்கு விலை இல்லை. திரும்பிப் படகில் வரும்போது டெய்லரின் பூனை நினைவுக்கு வந்தது.

அங்கீகாரம் கிடைத்த கட்சியானாலும், தேர்தல் அறிவித்த நாளில் எல்லாச் சுவரையும் வெள்ளையடிக்க வேண்டும் என்பது விதி. அப்புறம் புதிதாக வரைந்து, அதிகாரியின் தலையசைப்பு வாங்க வேண்டும். வெள்ளையடித்த நாளிலிருந்து தலையசைக்கும் நாள் வரை ஜன்னல்கள் மூடியிருக்கும், ஊர் அந்த வாரங்களில் சரியாகச் சாப்பிடாது. அந்த வாரங்களில் மட்டும்தான் கம்பியின் மேல் பிரஷ் பிடிக்கும். மற்ற காலத்தில் கம்பி இரும்பு, பெயின்ட் வழிந்துவிடும். மூல மாதிரிப் படம் தலைநகரத்தில் பத்திரமாக இருந்தது. சுவர் அதிகாரி அதை இப்போதெல்லாம் எடுத்து வருவதில்லை. போன தேர்தலில் எடுத்த போட்டோவைத்தான் கொண்டுவந்து ஒப்பிட்டார். போன தடவை சரியாக இருந்தது இந்தத் தடவையும் அப்படியே இருக்கிறதா, அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. பெயின்டர் இதைக் கவனித்தாள். அடுத்த தேர்தலில் நாலு கம்பியையும் போன தடவையைவிட ஒரு முடி அளவு மெலிதாக வரைந்தாள். அதிகாரி போட்டோவைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், தலையாட்டினார், புதிய போட்டோ எடுத்துக்கொண்டார்.

அந்தத் தடவை அக்காவின் கை முழங்கைக்கு மேலே வந்தது. அதற்கு அடுத்த தடவை தோள்வரை. சின்னம் கைவிட்டுப் போகாமலிருக்கக் கட்சி ஒவ்வொரு தேர்தலிலும் ஆறு வாங்கியாக வேண்டும், ஜெயித்தாக வேண்டும். பெயின்டர் பல்லைக் கடித்துக்கொண்டு அதற்கு உழைத்தாள். கண்டக்டர் செத்துப்போய் அவருடைய மருமகன் தலைவரானான். மணல் லாரிகள் எல்லாம் அவன் பேரில் ஓடின. மேடையில் அவன், "எனக்கு ஓட்டுப் போடாதீங்க, உங்க ஜன்னலுக்குப் போடுங்க" என்று பேசியபோது, கீழே ஏணி மேல் நின்று அலங்கார வளைவு எழுதிக்கொண்டிருந்த பெயின்டர் அவன் காதுபட ஒரு வார்த்தை சொன்னாள். அந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. ஆனால் ஓட்டுச்சாவடிக்கு விடிந்ததும் முதல் ஆளாகப் போய், ஜன்னலில் குத்திவிட்டு வந்தாள். காலேஜ் படித்தவள் இந்தத் திருட்டுப் பயல்களுக்குப் போடலாமா என்று கேட்டவனிடம், "நான் அவனுக்கா போட்டேன். எங்க அக்காவுக்குப் போட்டேன்" என்றாள்.

சந்தில் பின்சுவரை ஒட்டித் தகரக்கூரை போட்டார்கள், ஒரு பெஞ்சு போட்டார்கள். வீட்டுத் துணி எல்லாம் கம்பி வழியே அந்தப் பக்கம் போய்த் தேய்த்து வந்தது. ஆஸ்பத்திரியில் அம்மாவின் யூனிபாரத்தைப் பார்த்துப் பெரிய டாக்டரே, எங்கே கொடுத்துத் தேய்க்கிறீர்கள் என்று கேட்டார். "வீட்லதான் சார், பெரிய பொண்ணு" என்றாள் அம்மா. சாப்பாடு ஒரே நேரத்தில்தான், தட்டு மட்டும் கம்பிக்கு அந்தப் பக்கம் ஒன்று. அக்கா முழுக்க நரைத்துவிட்டாள். தங்கைக்கும் காதோரம் ஆரம்பித்திருந்தது. சத்தம் போகாது என்பதால் மூன்று பேரும் உதட்டைப் பார்த்தே பேசப் பழகியிருந்தார்கள். தெருவில் போகிறவர்களுக்கு அந்த வீட்டில் ஏதோ சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருக்கிறார்கள் என்று தோன்றும்.

போன தேர்தலில் வந்தது புது அதிகாரி, சின்ன வயசு. பழைய போட்டோவைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பெயின்டர் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே நின்றாள். தண்ணீர் எப்போதோ தெளிந்துவிட்டது, அவள் இன்னும் கழுவிக்கொண்டிருந்தாள்.

"போன தடவ மாதிரியேதான் இருக்கு" என்றார் அவர்.

"ஆமா சார். அப்படியேதான்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். ஜன்னல் திறந்ததும் அக்கா ஸ்டூல் மேல் ஏறி நின்றாள். ஒரு கை வந்தது, தோள் வந்தது, தலையைச் சாய்த்துக் காதுவரை வெளியே கொண்டுவந்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் குரல் சந்துக்குள் கேட்டது. என்ன சொல்லப்போகிறாள் என்று அம்மாவும் தங்கையும் நின்றார்கள்.

"சந்துல என்னடி இவ்ளோ கொசு" என்றாள் அக்கா.

மறு காது கம்பியில் மாட்டிக்கொண்டது. இன்னும் ஒரு விரல் இடம் வேண்டியிருந்தது. அம்மா கொஞ்சம் எண்ணெய் கொண்டுவந்து தடவிப் பார்த்தாள், ஆகவில்லை. உள்ளே இருந்த காதில் மணிச்சத்தம் விழுந்திருக்க வேண்டும். அக்கா தலையை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டு, காதைத் தேய்த்துவிட்டபடி மேசைக்குப் போனாள்.

"இன்னும் எத்தன தேர்தல்டி" என்று அம்மா கேட்டாள்.

"ரெண்டு."

"அதுவரைக்கும் இந்தப் பயலுங்க ஜெயிக்கணுமே."

"ஜெயிப்பானுங்க. நான் விட மாட்டேன்."

அக்காவுக்கென்று வாங்கிய கட்டில் முன்னறையில் சுவரோரமாகக் கிடக்கிறது. இப்போதைக்கு, அவள் தேய்த்து அனுப்பும் துணிகளை அதன் மேல் அடுக்கிவைக்கிறார்கள். காலர்தான் இன்னமும் கொஞ்சம் கசங்கியிருக்கும்.